கருவாட்டுக் குழம்பை வேண்டாமென்ற புதன்கிழமை

அந்த அம்மா எனக்காகக் கருவாட்டுக் குழம்பு செய்து எடுத்துக்கொண்டு வந்த அன்று, நான் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். ஆலோசனை அறையில் அப்படியெல்லாம் எழுந்திருக்கக் கூடாது. எதிரே இருப்பவர் அழுதாலும் சிரித்தாலும் நாம் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் படிக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். எனக்கு அது வரவே இல்லை. சின்னதாக ஏதாவது நல்லது நடந்தால் போதும், கை கால் சும்மா இருக்காது, பேச்சு ரயில் வேகத்துக்குப் போய்விடும். "உனக்கு உடம்பு பூரா மோட்டார்டி" என்று ஆம்பூரில் என் அம்மா சொல்வாள். இதை எழுதும்போதும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் நான் அந்த அம்மாவைத் திரும்பவும் படுக்கையில் தள்ளினேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூருக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. ஒரு சின்ன மருத்துவமனையில், வயதானவர்களின் மனநலப் பிரிவில் வேலை. மாத்திரை எழுதுவது டாக்டர்கள். உட்கார்ந்து பேசுவதும், பேசவைப்பதும் என் வேலை. நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வருகிற எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான்.

வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். "யாரிடமும் எதுவும் வாங்காதே. உன் சொந்தக் கதையை யாரிடமும் சொல்லாதே. மற்றதெல்லாம் போகப் போகத் தெரியும்." அவ்வளவுதான். இந்த இரண்டையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பெட்டியைக் கூடத் திருப்பி அனுப்புவேன். ஒரு தாத்தா கொண்டுவந்த ஒற்றை மாம்பழத்துக்கு ஐந்து நிமிடம் விளக்கம் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. ஜீவனஹள்ளியில் மகன், மருமகளோடு இருந்தார். முப்பது வருடம் கார்ப்பரேஷனில் ரோடு பெருக்கும் வேலை. அதில் பாதிக்குமேல் காண்ட்ராக்டில். வேலை நின்றது, அடுத்து கணவர் இறந்துபோனார், அதற்கப்புறம் இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மகன் லாரியில் வெளியூர் போகிறவர். மருமகள் காக்ஸ் டவுனில் இரண்டு அபார்ட்மெண்டுகளில் சமையல் செய்கிறவள். அவள்தான் ஒரு புதன்கிழமை மாமியாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"சாப்பிடறதே இல்ல மேடம். பன்னு, டீ. அதுவும் நான் பக்கத்துல நின்னாத்தான். ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்றாங்க. ஒண்ணும் இல்லன்னா ஏன் இப்டி கெடக்கறாங்க?" என்று கேட்டாள் மருமகள். நல்ல கேள்விதான்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுதுகொண்டு வருவது குறைவு. முதுகு வலியாக வரும், பசியின்மையாக வரும், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று வரும். அந்த அம்மாவிடம் என்ன செய்கிறது என்று கேட்டேன். முதுகைக் காட்டினார். வேறென்ன என்றேன். "பேஜாரா கீது" என்றார். பெங்களூர்த் தமிழர்கள் கன்னட அர்த்தத்தில் சொல்லும் வார்த்தை. சலிப்பு, துக்கம், அலுப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். நான் படித்த தடிப் புத்தகங்கள் அத்தனையும் சொல்ல முயன்றதை அந்த அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

நாலு வாரம் மூடிய வாய்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்குவார், புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து உட்காருவார், ஒரு மணி நேரம் என் மேஜையின் காலைப் பார்ப்பார், போய்விடுவார். எனக்கா பொறுமை? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது வாரம் சன்னலுக்கு வெளியே ஒரு மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. நான் சும்மா இருக்க முடியாமல், எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்றேன். அந்த அம்மா தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார்.

"ஊரே நின்னு போட்டோ புடிக்கும். பெருக்கறவள கேட்டா தெரியும் அந்த மரத்தோட யோக்கியத. காலையில வாரிட்டு திரும்பனா மறுபடியும் கொட்டி வெச்சிருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அந்த அம்மா சிரிக்கவில்லை, ஆனால் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் நான் மெட்ரோவில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன், உட்கார இடமிருந்தும். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் எந்த மரம், எந்த வீட்டுக்காரர் குப்பையைக் கவரில் கட்டிப் போடுவார், எவர் மாடியிலிருந்து வீசுவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். முப்பது வருடம் ஒரு ஊரைக் குனிந்து பார்த்தவரின் ஞாபகம். எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மனசு நன்றாக ஆனபிறகு எழுந்து வேலை செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் எழுந்து ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும், மனசு பின்னால் வரும். அதனால் வாரத்துக்கு ஒரு சின்ன வேலை கொடுப்போம். வாசல்வரை நடந்தார். தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்தார். தெருமுனைவரை போய் வந்தார். அடுத்தது சமையல் என்று நான் முடிவுகட்டினேன்.

"உங்களுக்குப் பிடிச்சது என்னம்மா?"

"புடிச்சா இன்னா, புடிக்கலன்னா இன்னா."

"முன்னாடி என்ன நல்லா செய்வீங்க?"

"கருவாடு செய்வேன். கத்திரிக்கா போட்டு."

எனக்கு உள்ளே மோட்டார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. என் அம்மா செய்வதும் அதே குழம்புதான். சொல்லியிருப்பேன், பெரிய டாக்டரின் இரண்டாவது விதி வாயை அடைத்தது. "இந்த வாரம் அதைச் செய்ங்க" என்று மட்டும் சொன்னேன்.

முதல் வாரம் செய்யவில்லை. இரண்டாவது வாரம் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாராம். அரிசியைக் களைந்ததே பெரிய விஷயம் என்றேன். "இத்த போயி பெரிசுன்ற" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாவது வாரம்தான் அந்தப் புதன்கிழமை.

அன்று மருமகள் துணைக்கு வரவில்லை. தனியாக வந்தார், பஸ்ஸில். தலை வாரியிருந்தார். உள்ளே வந்ததும் கட்டைப்பையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, கேட்காமலே பேச ஆரம்பித்தார். முந்தின நாள் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போனாராம். ஆதார் கார்டைக் காட்டி, பெண்களுக்குக் காசில்லாமல் கொடுக்கும் ஜீரோ டிக்கெட் வாங்கினாராம். கருவாட்டுக்காரன் பழசைத் தலையில் கட்டப் பார்த்தானாம். "மோந்து பாத்துட்டு அவன் மூஞ்சிலயே வெச்சேன். நல்லதா எட்றான்னேன்." காலையில் ஐந்து மணிக்கு எழுந்து செய்தாராம். மருமகள் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாளாம்.

நான் எழுந்து நின்றது அப்போதுதான். "அம்மா, நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா? மார்க்கெட்டு, பஸ்ஸு, பேரம், சமையல். ஒரே வாரத்துல." கைதட்டாத குறை. அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"உனுக்குத்தான். சோறு தனியா கீது. துன்னு."

வாசனை அறை முழுக்க ஏறியது. என் கை முன்னால் போகவில்லை.

"ஐயோ, வேணாம்மா. நாங்க வாங்கக் கூடாது. இங்க ரூல்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "நீங்க செஞ்சீங்கல்ல, அதுவே எனக்குப் போதும். எடுத்துட்டுப் போய் மதியம் நீங்க சாப்பிடுங்க. சரியா?" சொல்லிக்கொண்டே மூடியை நானே போட்டு அழுத்தினேன். போய்ச் சன்னலைத் திறந்தேன்.

"சரிம்மா" என்றார் அந்த அம்மா. டப்பாவைப் பையில் வைத்தார். நான் அடுத்த வார வேலையைப் பற்றி என்னென்னவோ பேசினேன். எல்லாவற்றுக்கும் "சரிம்மா". அவர் போனதும் நோட்டில் 'மிக நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இரண்டு கோடு.

அடுத்த புதன் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். அதற்கடுத்த புதனும் வரவில்லை. பதினொன்றரைக்கு மருமகளுக்குப் போன் போட்டேன்.

"பழையபடி படுத்துட்டாங்க மேடம்" என்றாள். பின்னால் மிக்ஸி சத்தம், வேலையிடத்தில் இருந்தாள். "மொதல்லயாவது பன்னு. இப்ப மூணு நாளா டீ மட்டும். மாத்திரைய துப்பிடறாங்க. கூப்ட்டா, டாக்டரம்மாவுக்கு நான் தேவையில்லன்றாங்க. என்னா ஆச்சு மேடம் அங்க?"

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பெரிய டாக்டரிடம் ஓடினேன். முழுவதும் கேட்டுவிட்டு, இந்த வயதில் சாப்பாடும் மாத்திரையும் நின்றால் ரொம்ப நாள் தாங்காது, இரண்டு நாளில் மாறவில்லையென்றால் அட்மிட் செய்து டியூப் வழியாகத்தான் சாப்பாடு ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். என்ன நடந்தது என்று யோசித்துப் பார், நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். நான் கதவருகே போனபோது இன்னொன்று சொன்னார். "உன் மனசு லேசாகணும்னு போகாதே." அப்போது எனக்கு அது புரியவில்லை, சொன்னதில் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் அம்மாவுக்குப் போன் செய்தேன். நோயாளி கதையை வீட்டில் பேசக் கூடாதுதான். பெயரோ ஊரோ சொல்லாமல், ஒரு வயசான அம்மா இப்படிக் குழம்பு கொண்டுவந்தார், நான் விதிப்படி வாங்கவில்லை, அதிலிருந்து வருவதே இல்லை என்று மட்டும் சொன்னேன். என் அம்மா இருபது வருடம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அந்த அம்மா இன்னா வேலை செஞ்சாங்க?"

"ரோடு பெருக்கற வேலை."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அடிப் பாவி" என்றாள் என் அம்மா. "அவங்க கையால செஞ்சத வேணான்னியா? அவங்க இன்னான்னு நெனைச்சிருப்பாங்க?"

"நானும் அதே சனந்தானேம்மா."

"அது உன் மூஞ்சில எழுதியா ஒட்டிக்கீது? நீ பேசற பேச்சு, கட்ற துணி, எதுலயாவது நம்ம வாட கீதா? நீதான் ஒண்ணுவிடாம தொடச்சிட்டியே."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அப்படிக் கோபம் வந்தது, அம்மாமேல், பெரிய டாக்டர்மேல், விதிமேல். அரை மணி நேரம் எல்லோரையும் திட்டித் தீர்த்தபிறகுதான் சன்னல் ஞாபகம் வந்தது. விதிப்படி வேண்டாமென்றவள் எதற்குச் சன்னலைத் திறந்தாள்? கதவுக்கு வெளியே நடைவழியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வாசனை சன்னல் வழியாகப் போய்விட வேண்டும், அவர்களுக்குப் போகக் கூடாது என்று நினைத்தேன். ஆறாவது வகுப்பில் என் டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து நான் பள்ளிக்குத் தயிர்சாதம்தான் எடுத்துப் போனேன், இன்றைக்குவரை வேலைக்கும் அதுதான். மூடியை அழுத்திய கை அந்த ஆறாவது வகுப்புப் பெண்ணின் கை. விதி அதற்குத் தோதாகக் கிடைத்தது.

மூன்று மணிக்கு ஜீவனஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். போகிற வழி முழுக்க என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை. நானும் உங்க சனந்தான்மா என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரே நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன், மீதியை ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. சுவரில் நீலக் கோட்டு போட்ட தலைவர் படமும் புத்தர் படமும் அடுத்தடுத்து. ஆம்பூரில் எங்கள் வீட்டிலும் அதே இரண்டு படங்கள்தான். அந்த அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு வாரத்தில் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. மருமகள், "அத்த, டாக்டரம்மா வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவர் திரும்பவில்லை. சுவரிடமே பேசினார்.

"கடைக்குப் போயி தண்ணி பாட்டிலு ஒண்ணு வாங்கினு வா. சீல் ஒடைக்காதது."

மருமகளுக்குப் புரியவில்லை. "வூட்லதான் தண்ணி கீதே அத்த" என்றாள். "சொன்னத செய்" என்றார். அவள் போய் வாங்கி வந்தாள். பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கம்மா. சீல் அப்டியே கீது. நாங்க யாரும் கை வெக்கல" என்றார் அந்த அம்மா.

எனக்கு முகம் எரிந்தது. அது மரியாதை இல்லை, கன்னத்தில் அறை. அதுவும் கணக்காகக் குறிபார்த்து விட்ட அறை. மூன்று நாளாக டீயில் கிடக்கிற உடம்பிலிருந்து அந்த அறை வந்தது என்று நினைத்தபோது எனக்குள் ஏதோ துள்ளியது. செத்துப்போன மனசு இப்படிக் குத்தாது.

பாட்டிலைக் கீழே வைத்தேன். "அம்மா, அன்னைக்கு நடந்தது ஆஸ்பத்திரி ரூல்மா. நாங்க யார்கிட்டயுமே வாங்கறதில்ல" என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பினார். திரும்பியது மட்டுமில்லை, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"ரூலு. எனுக்கு ரூலு சொல்லித் தர வந்துட்டியா? முப்பது வருசம் ரூல்லதான் வாழ்ந்தேன். கேட்டுக்கு வெளிய நில்லுன்றது ரூலு. தண்ணி கேட்டா செடிக்கு ஊத்தற சொம்பு, அது ஒரு ரூலு. எந்த வாசலுக்குப் போனாலும் எனுக்குன்னு ஒரு ரூலு ரெடியா நிக்கும். செய்யி செய்யின்னு மூணு வாரம் என் உசுர எடுத்தியே. நானா கேட்டேன்? படுத்துக்கினு சிவனேன்னு கெடந்தவள எழுப்பி, மார்க்கெட்டுக்கு அனுப்பி, செஞ்சி எடுத்துக்கினு வந்தா, மூடிய போட்டு அழுத்தற. சன்னல தொறக்கற. பாக்கலன்னு நெனைச்சியா?"

மருமகள் தடுப்பின் ஓரத்தில் சிலையாக நின்றாள். இந்த மாமியாரின் குரல் இவ்வளவு பெரிதாக அவள் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். எனக்கு அவமானமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள், இருந்தது.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வரியை அப்போதுதான் எடுத்தேன். பெரிய டாக்டரின் இரண்டாவது விதியை உடைத்தேன்.

"அம்மா, நானும் நம்ம சனந்தான்மா. எங்க வீட்லயும் இதே படந்தான் மாட்டியிருக்கு. எங்கம்மாவும் இதே குழம்புதான் வெப்பாங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது அது இளகும், கை நீளும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"அப்டியா" என்றார். "நீ வேற சனமா இருந்தா, நீ பண்ணது சரியா? அப்ப நான் வாய மூடிக்கினு பூடணுமா?"

ஒரு ஆளின் காயத்துக்கு நான் என் ஜாதியை மருந்தாகக் கொண்டுபோயிருந்தேன். உன் மனசு லேசாக வேண்டும் என்று போகாதே என்றாரே பெரிய டாக்டர், அது அங்கே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது.

ஒத்திகை எல்லாம் தீர்ந்துபோனதால் இருந்ததைச் சொன்னேன்.

"ரூல் பாதிதாம்மா. வாசனை வந்துச்சு. வெளிய ஆளுங்க நின்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. உங்களப் பாத்து இல்ல. அந்த வாசனை என்னோடதும்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமோன்னு."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள்.

"வெக்கம் உன்னுது" என்றார் அந்த அம்மா. குரல் இறங்கியிருந்தது. "தூக்கினு பஸ்ல வந்தவ நானு."

"அந்தக் குழம்ப என்னம்மா பண்ணீங்க?" கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்புல கொட்டிட்டேன். ரோட்டு ஓரமா. சோத்தையும் சேத்து." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டார். என் அறையில் அத்தனை வாரமும் அவர் அழுததே இல்லை. "முப்பது வருசம் எவனாவது ரோட்ல கொட்டினா தொரத்திப் போயி கேப்பேன். நானே கொட்டினேன். வேற ஒருத்தி வந்து வாரியிருப்பா."

எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. விதிப்படி வரக் கூடாது. நாற்காலியை விட்டு இறங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்பு என்னோடதும்மா. நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க."

"இத்தல்ல மொதல்ல சொல்லணும்? ரூலு கத, சனத்து கத, அல்லாத்தையும் சொல்லிட்டு கடைசியில சொல்ற. இன்னா படிச்ச நீ?"

தடுப்பு ஓரத்திலிருந்து மருமகள், "அத்த, ஒரு வாய் கஞ்சி தரட்டா?" என்றாள், சமயம் பார்த்து. அந்த அம்மா அவளைப் பார்க்காமலே கையை நீட்டினார். கஞ்சி வந்தது. இரண்டு வாய் குடித்தார், நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மூன்றாவது வாய் குடித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கைதட்டிவிடாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"புதங்கெழம வரேன்" என்றார்.

"வாங்கம்மா. மெதுவா உடம்பு தேறட்டும், அவசரமே..."

"அவசரந்தான். இன்னும் நெறைய கீது உன்ன கேக்கறதுக்கு. இங்க வேணாம், இவ கேட்டுக்கினு நிக்கறா, நாளிக்கி எனுக்கு மரியாத இருக்காது. உன் ரூம்ல கதவ சாத்திக்கினு திட்டணும்."

"திட்டுங்கம்மா. ஒரு மணி நேரம் முழுக்க உங்களுக்குத்தான்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் பத்தாது" என்றார்.